கடலுக்குப் போகாத கடற்றொழிலாளர்

(திருகோணமலையில் இளம் விரிவுரையாளர்களுக்கும் பட்டப்பின் ஆய்வு மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆய்வு மானியத்துக்கு எழுதப்படும் முன்மொழிவுகளில் எல்லோரும் எழுதி யாரும் வாசிக்காத பந்தி ஒன்று உண்டு. இச்செயற்றிட்டம் இன, மத, பால்நிலை வேறுபாடின்றி அனைவரையும் உள்வாங்கும், பெண்களின் பங்கேற்பு உறுதிசெய்யப்படும், மாற்றுத்திறனாளிகள் மீது விசேட கவனம் செலுத்தப்படும் என்று அது போகும். ஆய்வு நெற்செய்கை பற்றியதானாலும் பவளப்பாறை பற்றியதானாலும் அதே பந்திதான். பல முன்மொழிவுகளை மதிப்பிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அது காலிக்கும் பொருந்தும், கானாவுக்கும் பொருந்தும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பன்மைத்துவம் பற்றியும் உள்வாங்கல் பற்றியும் படிவம் கேட்கும் கேள்விக்கான பதிலை அந்தப் பந்தியில் தேட வேண்டாம். யாரிடம் போய் எப்படித் தரவு எடுக்கப்போகிறீர்கள் என்று எழுதும் பக்கத்தில் தேடுங்கள். பிறகு பாதீட்டு அட்டவணையில் தேடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் அது இல்லாவிட்டால், நம்முடைய இந்த மாவட்டத்தில் அந்த ஆய்வு அநீதியானதா என்று வாதாடுவதற்கு முன்பே பிழையானதாகிவிடும்.

இந்தக் கேள்வி படிவத்துக்குள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிதியம் 1997இல் தன் மதிப்பீட்டை இரண்டு அளவுகோல்களில் அமைத்தது. ஆய்வின் அறிவுப் பெறுமதி ஒன்று. அதனால் சமூகத்துக்கு விளையும் பரந்த பயன் மற்றது. ஆய்வுத்துறையில் குறைவாக இடம்பெறும் மக்களைச் சேர்த்துக்கொள்வதும் இந்தப் பரந்த பயனில் ஓர் அம்சமாக எண்ணப்பட்டது. பிரித்தானியாவில் 2005இல் பெண் விஞ்ஞானிகளின் நிலையை மேம்படுத்த 'அதீனா ஸ்வான்' என்ற சான்றிதழ் முறை தொடங்கியது. 2011இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி, வெள்ளிச் சான்று இல்லாத மருத்துவ பீடங்களுக்குச் சில பெரிய ஆய்வு நிதிகள் இனிக் கிடைக்காது என்று அறிவித்தார். அதுவரை சான்றிதழை எட்டிப் பாராதவர்களும் விண்ணப்பிக்க ஓடினார்கள். 2020இல் அந்த நிபந்தனை எடுபட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் 'ஹொரைசன் ஐரோப்பா' நிதி பெறுவதானால், 2022இலிருந்து பால்நிலைச் சமத்துவத் திட்டம் ஒன்று வைத்திருந்தாக வேண்டும்.

நம்மிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் உலக வங்கிப் பணத்தோடு வந்தது. 2010இல் 4 கோடி டொலரோடு 'ஹெட்சி' என்ற உயர்கல்வித் திட்டம் வந்தது. 2017இல் 10 கோடி டொலரோடு 'அஹெட்' வந்தது. சமூகக் காப்பு, சுற்றாடல் காப்பு என்று அந்த வங்கிக்கே உரிய விதிகளும் கூடவே வந்தன. இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தைச் சற்றே தாண்டும். அந்த நிலையில் வெளிப்பணம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வக்கில்லை. பணத்தோடு கேள்வியும் வரத்தான் செய்யும்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய நிர்வாகம் பன்மைத்துவ, உள்வாங்கல் திட்டங்களை நிறுத்த ஆணையிட்டது. ஏப்ரல் தொடங்கிச் சில வாரங்களுக்குள் அதே தேசிய அறிவியல் நிதியம், தான் ஏற்கெனவே வழங்கியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மானியங்களை இடைநடுவில் நிறுத்தியது. அவற்றில் பெரும் பகுதி, படிவம் கேட்டபடி உள்வாங்கலைப் பற்றி எழுதி வென்றவை. நேற்று அந்தச் சொல்லை எழுதாவிட்டால் புள்ளி குறைந்தது. இன்று எழுதினால் பணம் போகிறது.

நிதி தருபவரின் மனங்குளிர எழுதியவர்களுக்கு இதில் சிக்கலே இல்லை. அந்தப் பந்தியை அழித்துவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விடலாம். ஆனால் நிதி தருபவர் யாரானாலும் கொட்டியாரக் குடா இங்கேதான் இருக்கப்போகிறது. அதைச் சுற்றி வாழும் மக்களும் இங்கேதான் இருக்கப்போகிறார்கள்.

தமிழர் அவையில் இதைப் பேசும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. ஒதுக்கீடு, உள்வாங்கல் என்று வாயெடுத்தால் முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் நினைவு வரும். வரவேண்டியதுதான். 1971இல் மருத்துவ பீடத்துக்குள் நுழையத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதும். அதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. பின்னர், 1974இல், மாவட்ட அடிப்படை வந்தது. அது யாழ்ப்பாண மாணவரின் இடங்களைக் குறைத்தது. திருகோணமலை, மன்னார், அம்பாறை மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலருக்கு முதன்முறையாகப் பல்கலைக்கழகம் கிட்டியதும் அதனால்தான். இவ்விரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நம் மேடைகளின் பழக்கம். இன்றுள்ள முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. இங்கிருப்பவர்களில் எத்தனை பேர் அந்த வழியால் வந்தவர்கள் என்று கையுயர்த்தச் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நகரத்தில் பெயர்பெற்ற பாடசாலையில் படித்து, மாலையில் மூன்று தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளையும் திருகோணமலை. விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாத வெருகல் பக்கத்துப் பிள்ளையும் திருகோணமலை. மாவட்டம் என்ற ஒற்றைப் பெயர் உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வை மூடிவிடுகிறது. நம் ஆய்வுகளிலும் இதேதான் நடக்கிறது.

இங்கே பலரும் கையில் எடுக்கும் பொருள் கடற்றொழில் என்பதால் அதையே பார்ப்போம். மாவட்டக் கடற்றொழிலாளரின் வாழ்வாதாரம் பற்றி ஒருவர் முன்மொழிவு எழுதுகிறார் என்று வையுங்கள். மாதிரி எப்படி எடுப்பார்? கடற்றொழில் திணைக்களத்தின் படகுப் பதிவையும் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தவர் பட்டியலையும் வாங்கி, அதிலிருந்து எழுமாறாக இத்தனை பேர் என்று தெரிவுசெய்வார். புள்ளிவிபரவியல் முறைப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர் யார்? படகோ வலையோ உள்ள ஆண்கள். களப்பில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மட்டி பொறுக்கும் பெண்ணுக்குப் படகு இல்லை, ஆகவே பதிவில்லை. கருவாடு போடுபவள், கரையில் மீன் வாங்கி ஊருக்குள் கொண்டுபோய் விற்பவள் இவர்களுக்கும் பதிவில்லை. கரைவலை இழுக்க நாள்பங்குக்கு வரும் ஆளின் பெயர் அதில் இருக்காது, சம்மாட்டியின் பெயர் இருக்கும். கடலுக்குப் போகாமலே கடலால் வாழும் ஒரு பெருங்கூட்டத்தை மாதிரி எடுக்கும் முறையே கழித்துவிடுகிறது. அதன்பிறகு முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் பெண்களின் பங்கேற்பு உறுதிசெய்யப்படும் என்று எழுதி என்ன பயன்?

காலத்தையும் பாருங்கள். சோளகக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் கிழக்குக்கு வந்து வாடி அடிப்பது பழைய வழக்கம். வாடைக்காற்று தொடங்கும்போது அவர்கள் திரும்பிவிடுவார்கள். நம் ஆய்வாளர் மார்கழி விடுமுறையில் மாணவரை அனுப்பித் தரவு எடுத்தால், இந்தக் கடலில் யாருக்கும் யாரோடும் தகராறில்லை என்று அறிக்கை வரும். சித்திரைக்குப் பின் போனால் வேறு அறிக்கை வரும். ஒரு சமூகம் முழுதும் ஆய்விலிருந்து விடுபட யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக நாட்காட்டி போதும்.

இந்த மாவட்டத்திலேயே இதைச் சரியாகக் கையாண்ட ஆய்வு இருக்கிறது. காயத்ரி லொக்குகே நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு 2017இல் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு, போருக்குப் பிந்திய திருகோணமலைக் கரையோர மக்களின் வாழ்வாதாரம் பற்றியது. மீன்களுக்குக்கூட இனம் உண்டு என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. இந்த ஊரில் மீன் வாங்கி விற்ற எவருக்கும் அந்தத் தலைப்புக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ், முஸ்லிம், சிங்கள, கரையோர வேடர் சமூகங்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஒரே கடலோரத்தில் இருந்தாலும், கடல் அவர்களுக்கு ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. பெண் என்பது மட்டும் அதை முடிவுசெய்வதில்லை. எந்த இனத்துப் பெண், எந்த ஊர்ப் பெண், கையில் என்ன உண்டு என்பவை சேர்ந்தே முடிவுசெய்கின்றன. பால்நிலைக்கு ஒரு பந்தி, இனத்துக்கு ஒரு பந்தி, வறுமைக்கு ஒரு பந்தி என்று தனித்தனியாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள்; கணக்கெடுப்புப் படிவத்தில் தமிழர் என்ற பெட்டிக்குள் கரைந்துவிடுகிறார்கள். 2012 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் 3,79,541 பேரில் சோனகர் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 31, சிங்களவர் 27 வீதம். இந்த வீதங்களின்படி மாதிரியைப் பங்கிட்டுவிட்டு மூவினமும் உள்வாங்கப்பட்டன என்று எழுதினால், எண்ணிக்கையில் சிறிய அந்த நான்காமவர் விடுபட்டதை யாரும் கேட்கமாட்டார்கள்.

வினாக்கொத்தும் ஆட்களை விட்டுவிடும். மட்டி பொறுக்கிவிட்டு வந்து, ஈரச் சீலை மாற்றி, திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் தொழில் என்ன என்று கேட்டால், "வீட்டிலதான் இருக்கிறன், தம்பி" என்பார். மாணவர் அதை அப்படியே பதிவார். அட்டவணையில் அவர் இல்லத்தரசி. நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் கதை வேறு. அப்படிக் கேட்க ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் கூடுதலாகும். இருபது நிமிடம் என்றால் ஒரு நாளில் பார்க்கக்கூடிய வீடுகள் குறையும். வீடுகள் குறைந்தால் களநாட்கள் கூடும். களநாள் கூடினால் பணம் கூடும். ஆகவே பாதீட்டுக்கு வருவோம்.

நான் மதிப்பிடும்போது முன்மொழிவைப் பாதீட்டு அட்டவணையில் இருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். நகரிலிருந்து மூதூருக்கோ அதற்கப்பாலோ போகும் பெண் ஆய்வு உதவியாளர் இருட்டுமுன் எப்படித் திரும்புவார்? கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் பயணம் இலகுவாகிவிட்டது என்பார்கள்; உண்மைதான், ஆனால் பாலம் இருப்பது வாகனம் உள்ளவருக்கு. வாகனச் செலவு எழுதப்பட்டிருக்கிறதா? சிங்களக் கிராமத்துக்கும் தமிழ்க் கிராமத்துக்கும் ஒரே மொழியில் வினாக்கொத்து போகிறதா, மொழிபெயர்ப்புக்கும் சரிபார்ப்புக்கும் தொகை உண்டா? குழுக் கலந்துரையாடலைத் தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்திருக்கிறார்களா? மட்டி பொறுக்க நீர் வற்றும் நேரத்தில் கூட்டம் வைத்தால் வரும் பெண் அன்றைய வருமானத்தை இழப்பாள். அதற்கு ஈடு எங்கே? தாய்மார் கொண்டுவரும் குழந்தைகளை யார் பார்ப்பது? கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் படிகள் மட்டும்தானா? போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உடலுறுப்பை இழந்தவர்கள் வாழும் மாவட்டம் இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிசெய்தது. முன்மொழிவில் சமவாயத்தின் பெயர் இருக்கும். சரிவுப்பாதை உள்ள இடத்தைத் தேடிய வாடகைக் கணக்கு இருக்காது. விசேட கவனம் என்று எழுதியவர் அதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காதிருந்தால், அந்தப் பந்தியை நான் எழுதப்படாததாகவே கொள்வேன்.

இனி ஆய்வுக் குழு. குழுவில் எத்தனை பெண்கள், எத்தனை சமூகங்கள் என்று வெளிநாட்டுப் படிவம் எண்ணிக்கை கேட்கும். பல்கலைக்கழக மாணவரில் அறுபது வீதத்துக்கு மேல் பெண்கள் உள்ள நாடு இது. ஆய்வு உதவியாளர் என்ற வரியில் பெண் பெயர்களுக்குக் குறைவிருக்காது. பிரதான ஆய்வாளர் என்ற வரியைப் பாருங்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். மொத்தத்தை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

அதைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அமெரிக்கப் படிவத்தில் இன அடையாளத்தைக் குறிப்பது அவர்களுக்குச் சாதாரணம். நம் ஊரில் யார் எந்த இனம் என்ற பட்டியல் என்ன செய்யும் என்பதை 1983 இனக்கலவரத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனத் தோற்றத்தைச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டிய தரவு வகையில் வைத்திருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழுவில் முஸ்லிம் பெண் ஒருவர் என்று எழுதினால் அது புள்ளிவிபரம் ஆகாது, ஓர் ஆளைச் சுட்டிக் காட்டுவதாகும். சிறிய கிராமத்தில் கரையோர வேடர் குடும்பத்து விதவை என்று ஆய்வறிக்கையில் எழுதினால் ஊரே அவர் யாரென்று சொல்லிவிடும். நிதி தருபவர் கேட்டாலும் சில எண்களைக் கொடுக்க மறுக்கலாம். காரணத்தை முன்மொழிவிலேயே எழுதலாம். அப்படி எழுதியவருக்கு நான் புள்ளி கூட்டியிருக்கிறேன்.

நாமே மற்றவருடைய முன்மொழிவில் உள்வாங்கப்பட்ட அனுபவமும் நமக்கு உண்டு. கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இறங்குவதால் திருகோணமலை திமிங்கிலங்களுக்குப் பெயர்போன இடம். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தத் துறைமுகத்தில் தங்கி ஆய்வு செய்தார்கள். நல்ல அறிவியல்தான். அத்தகைய ஆய்வுகள் உலகெங்கும் பெருகியபின், இலங்கைக் கடலுயிரியலாளர் ஆஷா டி வோஸ் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறார்: வெளியிலிருந்து வந்து இறங்கி, தரவு எடுத்துப் பறந்துபோன பின் உள்ளூரில் யாருக்கு அந்த ஆய்வைத் தொடரும் ஆற்றல் மிஞ்சுகிறது? இதைப் பரசூட் அறிவியல் என்கிறார்கள். உள்ளூர்ப் பங்காளி என்ற வரியில் நம் பெயர் இருக்கும், ஆய்வுக் கேள்வியை அமைத்த கூட்டத்தில் நாம் இருந்திருக்கமாட்டோம். இதைச் சொல்லி நாம் மனம் வெதும்பலாம். ஆனால் கோணேசபுரியிலோ வந்தாறுமூலையிலோ உள்ள நம் வளாகங்களிலிருந்து வெருகலுக்குப் போகும்போது, அங்குள்ளவர்களுக்கு நாமும் பரசூட்டில் வந்தவர்கள்தான். கேள்வியை இங்கே அமைத்துவிட்டு, பதிலுக்கு மட்டும் அங்கே போகிறோம்.

மொழி பற்றி ஒரு சொல். தமிழ் அரச கருமமொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. ஆய்வு மானியப் படிவத்தின் உலகில் அதெல்லாம் செல்லாது, ஆங்கிலம்தான். சித்த மருத்துவச் சுவடிகளைப் பிழையறப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுத வராது. ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவருக்குச் சுவடி படிக்கத் தெரியாது. பணம் இரண்டாமவருக்குப் போகும், முதலாமவர் வளவாளர் என்ற பெயரில் ஒருநாள் படிக்காசு பெறுவார். உள்வாங்கல் பற்றிய கருத்தரங்குகளில் இதை யாரும் எடுப்பதில்லை. தேசிய நிதியங்கள் தமிழிலோ சிங்களத்திலோ முன்மொழிவை ஏற்று, மதிப்பீட்டுக்கான மொழிபெயர்ப்புச் செலவைத் தாங்களே சுமந்தால் என்ன குறைந்துவிடும்?

திறமை ஒன்றே போதும், இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களை நான் ஒதுக்கமாட்டேன். அவர்கள் கேள்வியில் பாதி நியாயம். எண்ணிக்கைக்காகப் பெயர் சேர்த்த குழுக்கள் வேலை செய்யாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த மாவட்டத்துக் கரையில் நின்று, பெண்களையும் நாள்பங்குக்காரரையும் வாடிக்காரரையும் தவறவிட்ட மாதிரியிலிருந்து சராசரி வருமானம் கணக்கிடுபவரின் திறமையை நான் எப்படி ஏற்பது?

முடிப்பதற்கு முன் முன்வரிசையில் உள்ள பீடாதிபதிகளிடம் ஒரு வேண்டுகோள். நான் சொன்னதெல்லாம் முன்மொழிவு எழுதுவதற்கு முன் நடக்க வேண்டியவை. கேள்வியை அமைக்குமுன் அந்தக் கரைக்குப் போக வேண்டும், அவர்களோடு இருந்து பேச வேண்டும், எழுதியதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் எந்த நிதி வழங்குனரும் பணம் தருவதில்லை. இளம் விரிவுரையாளர் தன் சம்பளத்தில் பெற்றோல் அடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பலரும் போவதில்லை, பழைய பந்தியை ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு பீடமும் முன்மொழிவுக்கு முந்திய களப்பயணத்துக்கென்று சிறு தொகை ஒன்றை ஒதுக்கலாம். ஒரு நாள் வாகனமும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் வருபவர்களுக்குச் சாப்பாடும் போதும். விண்ணப்பம் தோற்றுப்போனாலும் அந்தச் செலவைக் கணக்காய்வாளர் வீண்செலவு என்று எழுத முடியாதபடி மூதவை ஒரு தீர்மானம் எடுக்கலாம். அடுத்த பீடச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் இன்னும் போகவில்லை என்று இங்கே வரும்போது சொன்னார்கள். இதை அதில் சேர்த்துவிடுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.